கால் பக்கத்து வால்வு

நவம்பர் 30, ஞாயிறு

தொட்டி வந்து இறங்கிவிட்டது. குட்டியானை வண்டியில் ஏற்ற ஆறு பேர், இறக்க எட்டுப் பேர். கேட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. இப்போது பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவில் வெள்ளை வெளேர் என்று உட்கார்ந்திருக்கிறது. நாலு பேர் உட்காரலாம், எட்டு ஜெட். பங்களாக்காரர்கள் வீட்டில் மட்டும் இருக்கிற ஸ்பா தொட்டி, இந்தத் தண்டபாணி வீட்டுக்கும் வந்துவிட்டது.

வாணி வாக்கரைப் பிடித்துக்கொண்டு பின்வாசல்வரை வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டியாட்ட இருக்குது. மாடு எப்ப வருது?" என்றாள்.

ஆகஸ்ட்டுக்குப் பிறகு அவள் என்னைக் கேலி செய்தது இன்றுதான். அதற்காகவே இன்னும் இரண்டு தொட்டி வாங்கலாம்.

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பங்களாவில் போர் மோட்டார் பார்க்கப் போன இடத்தில் கிடைத்தது இது. பம்ப் கம்பெனி டெஸ்ட் செக்‌ஷனில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு மார்ச்சில் ரிட்டையர் ஆன பிறகும் இப்படி யாராவது கூப்பிடுகிறார்கள். "இதுல மோட்டார் போச்சுங்க, ரெண்டாவது கார் நிறுத்த எடம் வேணும், எடுத்துட்டுப் போறீங்களா" என்றார் அந்த வீட்டுக்காரர். மோட்டாரில் காதை வைத்துக் கேட்டேன். அது போகவில்லை என்று தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட்டில் வாணிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். வலி போய்விட்டது. வலியோடு இடது முழங்காலுக்குக் கீழே இருந்த உணர்ச்சியும் போய்விட்டது. பாதம் தொங்குகிறது. "நரம்பு மெதுவாத்தான் வளரும். ஆறு மாசம் பாப்போம், வந்தாலும் வரலாம்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வாணி பத்தொன்பது வருஷமாகப் பெண்களுக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். இந்த ஊரில் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். இடது கால் என்றால் கிளட்ச் கால். இப்போது வகுப்புகளை அவளுடைய உதவியாளர் சரளா எடுக்கிறாள். "நானே மொத்தமா எடுத்துக்கட்டுங்களாக்கா" என்று சரளா கேட்டிருக்கிறாள். பொங்கலுக்குள் பதில் சொல்வதாக வாணி சொல்லியிருக்கிறாள்.

ஆக எனக்கு நாற்பத்தாறு நாள் இருக்கிறது. தண்ணீரும் காற்றும் என் கைக்குள் அடங்கியவை. நரம்பு மட்டும் என்ன, அதுவும் ஒரு குழாய்தானே.

டிசம்பர் 1, திங்கள்

மோட்டாருக்கு ஒன்றும் இல்லை. வயிற்றுக்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மோட்டாரில் குழாய் சேருகிற யூனியனை முக்கால் சுற்றுத் தளர்த்தினேன். உஸ்ஸென்று நீளமாக மூச்சுவிட்டது, இரண்டு தடவை துப்பியது, பிறகு தண்ணீர் ஒழுங்காக வந்தது. இறுக்கிவிட்டு சுவிட்சைப் போட்டேன். எட்டு ஜெட்டும் ஒட்டுக்கா எழுந்தபோது என் லுங்கி நனைந்தது, துவைத்துப் போட்ட துணிகள் நனைந்தன, பக்கத்து வீட்டுப் பூனை சுவர் ஏறி ஓடியது. நான் தனியாக நின்று கை தட்டினேன்.

வாணிக்கு விளக்கியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். தண்ணீர் மட்டும் வந்தால் ஊசி போல ஒரே இடத்தில் குத்தும். காற்றைக் கலந்தால் விரிந்து வந்து தட்டும். காற்று கூடிப்போனால் நுரைதான் மிச்சம், பலம் இருக்காது. இதைப் பதமாகக் கலப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விளிம்பில் இருக்கும் சின்னத் திருகு காற்றுக்கு. பக்கத்தில் இருக்கும் பெரிய கைப்பிடி தண்ணீரைப் பிரிப்பதற்கு. முதுகுப் பக்கம் ஆறு ஜெட், கால் வைக்கிற குழியில் இரண்டு, காலுக்கு ஒன்றாக. கைப்பிடியை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் பாதிப் பாதி. அதன்மேல் ஓர் அம்பு உண்டு. அம்புக்குப் பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது வெயிலில் அழிந்துபோயிருக்கிறது. அம்பு காட்டுகிற பக்கம் தண்ணீர் போகும். இதற்கு ஒரு புத்தகம் வேறு போட்டு விற்றிருப்பார்கள்.

எர்த் பக்காவாகப் போட்டாயிற்று. ஏறுவதற்கு மூன்று படி, பிடித்துக்கொள்ளக் கம்பி.

டிசம்பர் 3, புதன். கார்த்திகை தீபம்

முதல் குளியல்.

பிசியோதெரபிஸ்ட் எஸ்தர் ஃபோனில் ஒரே ஒரு கட்டளை போட்டார். தண்ணீர் முப்பத்தாறு டிகிரியைத் தாண்டக் கூடாது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாலும் சொல்லாது. நான் தெர்மாமீட்டரை மூன்று தடவை விட்டுப் பார்த்தேன். முப்பத்தைந்தரை.

வாணியை விளிம்பில் உட்காரவைத்து, இடது காலை நான் தூக்கி உள்ளே வைத்தேன். கைப்பிடி நடுவில், காற்று கால்வாசி. சுவிட்ச். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றாள். நாலு மாதத்தில் அப்படி ஒரு அப்பாடா அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

"கால்ல எப்படி இருக்குது?" என்றேன்.

"வலது கால்ல கூசுதுங்க."

"இடது?"

"இடது காலு இருக்குதான்னே தெரியலீங்க" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

முதல் நாள்தானே. பாதி அழுத்தத்தில் என்ன தெரியும்? நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. விளக்கெல்லாம் அவள்தான் ஏற்றினாள், உட்கார்ந்தபடியே. எனக்கு நெஞ்சு கரித்ததால் சாயந்திரக் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ராத்திரிச் சாப்பாடும் வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

தெரிகிறது. தெரிகிறது. தெரிகிறது.

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். மாலை நாலரை. தண்ணீர் முப்பத்தைந்தரை. கைப்பிடியில் இருந்த அம்பை முழுதாகக் கால் பக்கம் திருப்பினேன். காற்று பாதி. மேலே ஒரு ஜாண் உயரத்துக்கு நுரை. வாணி குனிந்து நுரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ம். என்னமோ தெரியறாப்பல இருக்குதுங்க" என்றாள்.

"எங்க? எங்க தெரியுது?"

"பாதத்துலதான்."

நான் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து உள்ளே போய், ரவையை வறுத்துக் கேசரி கிண்டினேன். நெய் கொஞ்சம் அதிகம். பக்கத்து வீட்டுக்கு, எதிர் வீட்டுக்கு, பேப்பர் போடுகிறவருக்கு எல்லாம் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம், "சும்மாத்தானுங்க" என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது நாளே. ஆறு மாசமாம், டாக்டர் சொல்கிறார்.

டிசம்பர் 5, வெள்ளி

நோட்டில் கட்டம் போட்டாயிற்று. தேதி, சூடு, காற்று, நீர், உணர்வு. டெஸ்ட் செக்‌ஷனில் போடுகிற அதே கட்டம்.

காற்று பாதி. உணர்வு: உண்டு.

டிசம்பர் 6, சனி

காற்று முக்கால். உணர்வு: உண்டு. "நேத்தைக்கு இன்னைக்கு எப்படி?" என்றேன். "இன்னைக்குத் தேவலைங்க" என்றாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்று ஒரு கண்டுபிடிப்பு. எல்லாத் தண்ணீரையும் கால் பக்கம்தான் விடுகிறேன். ஆனால் வாணி, "முதுகுக்கு ரொம்ப நல்லா இருக்குதுங்க, அடிச்சுப் போட்டாப்பல தூங்கறேன்" என்கிறாள். யோசித்துப் பார்த்தேன். காலுக்கு வருகிற நரம்பு முதுகில்தான் புறப்படுகிறது. காலில் தட்டினால் முதுகில் பேசுகிறது. பைப்பின் இந்த முனையில் தட்டினால் அந்த முனையில் கேட்காதா? அதே கணக்குத்தான். இதை எஸ்தரிடம் சொல்ல வேண்டும், அவர்கள் படிப்பில் இது இருக்குமோ என்னவோ.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையிலேயே டிரைவிங் ஸ்கூல் காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினேன். எல் போர்டு, இரண்டு பக்கமும் பெடல், எல்லாம் துடைத்துப் பளபளவென்று. வண்டியை நகர்த்தக்கூட வேண்டாம், சும்மா உட்கார்ந்து இடது காலால் கிளட்சை ஒரு தடவை மிதித்துப் பார்க்கட்டும் என்றுதான்.

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைங்க" என்றாள்.

பத்தொன்பது வருஷம் செவ்வாய்க்கிழமையும் வண்டி ஓட்டியவள்தான். சரி, நல்ல காரியத்துக்கு நாள் பார்க்கிறாள் போலிருக்கிறது.

டிசம்பர் 10, புதன்

தூறல். ரோடு வழுக்கும் என்கிறாள். நின்றுகொண்டிருக்கிற வண்டிக்கு ரோடு வழுக்கினால் என்ன என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. காற்று அரை, உணர்வு உண்டு.

டிசம்பர் 11, வியாழன்

இன்று வாணிக்குத் தலைவலி. கார் வாசலில் சும்மா நிற்கிறதே என்று சரளா ஃபோன் செய்தாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன்: "அம்மிணி, அக்காவுக்குக் காலு வந்துருச்சு. பொங்கல் கழிச்சு அவளே கிளாஸ் எடுப்பா. ஸ்கூல் விசயத்தை இத்தோட விட்டுரு." சரளா நல்ல பெண். "ரொம்ப சந்தோசங்கண்ணா" என்றாள், கொஞ்ச நேரம் கழித்து.

வாணி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றாள்.

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? ஏழு நாளா உண்டு உண்டுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கறேனே."

"அந்த நோட்டைக் கொண்டு போயி அடுப்புல போடுங்க" என்றாள்.

வலியில் பேசுகிறாள். தலைவலி என்றாலே அவளுக்குக் கோபம் வரும்.

டிசம்பர் 13, சனி

எஸ்தர் வந்தார். வால்வில் சிறு கோளாறு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. தொட்டி சுத்தம் செய்யப்பட்டது.

டிசம்பர் 14, ஞாயிறு

நேற்று எழுதியதைப் படித்தேன். கம்பெனி மேனேஜருக்கு எழுதிய ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது. முழுதாக எழுதிவிடுகிறேன்.

நேற்று வாணி தொட்டியில் இருக்கும்போது எஸ்தர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சூடு பார்க்கக் கால் குழிவரைக்கும் கையை விட்டார். அப்படியே துழாவினார்.

"சார், இங்க தண்ணியே வரலையே" என்றார்.

"வரும் மேடம், முழுசாத் திருப்பி வெச்சிருக்கறேன்."

"நீங்களே கை வெச்சுப் பாருங்க சார்."

வைத்தேன். குழிக்குள் தண்ணீர் குளத்துத் தண்ணீர் மாதிரி சும்மா நின்றது. மேலே இருந்த நுரையெல்லாம் முதுகு ஜெட்டிலிருந்து வந்த நுரை. எஸ்தர் கைப்பிடியைப் பார்த்துவிட்டு, அவர் வேலை பார்க்கும் இடத்திலும் இந்த மாதிரி வால்வுதான் என்றார். அம்பு மூடிய பக்கத்தைக் காட்டுமாம். அழிந்துபோன எழுத்து அதைத்தான் சொல்லியிருக்கும். முப்பத்தொரு வருஷம் வால்வு திருப்பியவனுக்கு அம்பு காட்டுகிற பக்கம் தண்ணீர் என்பது அம்மா அப்பா மாதிரி. சோதித்துப் பார்க்கவே தோன்றவில்லை. நான் கால் பக்கம் திருப்பிய ஒவ்வொரு நாளும் காலை மூடி வைத்திருக்கிறேன்.

எஸ்தர் சிரித்தார். நானும் சிரித்தேன். வாணி சிரிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் உண்டு என்று எழுதியிருக்கிறேன். வால்வு பழசு, முழுதாக மூடாமல் கொஞ்சம் கசிந்திருக்கலாம். பத்தில் ஒரு பங்கு கசிந்தாலும் லேசாகத் தெரிந்திருக்கலாம். தெரிந்திருக்கும்.

டிசம்பர் 15, திங்கள்

தொட்டி போடவில்லை. அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காரை சரளாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய். மார்கழி ஒன்று

மத்தியானம் நான்தான் சமையல். ரசத்தை ஊற்றினேன். வாணி பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"ரசம் எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

நானும் ஒரு வாய் வைத்தேன். உப்பே போடவில்லை.

"வாணி, உப்பு இல்ல."

"ம்."

"பின்ன நல்லா இருக்குதுன்னியே."

அவள் தட்டைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கேயோ வழிமாறி அழுகையாகிவிட்டது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். கை கழுவாமலே உட்கார்ந்து பேசினோம். சாதம் விரலில் காய்ந்துபோகும்வரை பேசினோம்.

"மொத நாள் தெரியலைன்னு சொன்னேன். நீங்க காப்பி குடிக்கல, சோறு திங்கல. மூஞ்சி செத்துப்போச்சு. அடுத்த நாள் நோட்டைப் புடிச்சிட்டு, பரிச்சை மார்க்குக்கு நிக்கற பையனாட்ட நின்னீங்க. எப்படிங்க இல்லைன்னு சொல்றது?"

"தண்ணியே வராதப்பவும் உண்டுன்னியே."

"வரலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. வலது காலு நல்லாத்தான இருக்குது? அதுலயும் ஒண்ணும் வரல. முதுகுலதான் போட்டு அடிச்சுது."

எனக்கு வந்த கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா அஞ்சு நிமிசத்துல சரி பண்ணியிருப்பேன்ல? பத்து நாள் வீணாப் போச்சே."

"அதுக்குத்தாங்க சொல்லல" என்றாள். "சொன்னா சரி பண்ணிருவீங்க. தண்ணி வரலைன்னா காலு மேல தப்பு இல்ல. சரி பண்ணி, முழுசா வந்து, அப்பவும் தெரியலைன்னா? அப்பறம் நான் எதைச் சொல்லிட்டு உக்கார்ந்திருப்பேன்?"

நான் உப்பு ஜாடியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

டெஸ்ட் செக்‌ஷனில் ஒருவன் கேஜைப் பார்க்காமல் நேற்றைய ரீடிங்கையே இன்றைக்கும் எழுதி வைத்தான் என்று அவனை செக்‌ஷனைவிட்டே மாற்றியவன் நான். இங்கே பத்து நாள் கையை விட்டுப் பார்க்காமல் உண்டு உண்டு என்று எழுதியது யார்? எனக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது, வாங்கிக்கொண்டேன். அவள் பயத்தோடு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள், அதுவும் என் முன்னாலேயே. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். அவள் உள்ளதைச் சொல்ல வேண்டும். நான் எதைச் சொன்னாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. உப்பு அவள்தான் போட வேண்டும்.

டிசம்பர் 17, புதன்

அம்பு முதுகுப் பக்கம், அதாவது தண்ணீர் கால் பக்கம். கையை விட்டுப் பார்த்தேன், பலமாக வருகிறது. வலது கால் கூசுகிறது என்று நெளிந்தாள்.

இடது: இல்லை.

காப்பி குடித்தேன். இரண்டு டம்ளர்.

டிசம்பர் 18, வியாழன்

இல்லை.

டிசம்பர் 19, வெள்ளி

இல்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

இல்லை. ஆனால் காற்றுத் திருகை இன்று முதல் அவளே பிடித்துக்கொண்டாள். கியர் போடுகிற மாதிரி ஒரு திருப்பு, ஒரு நிறுத்தம், சத்தத்தைக் கேட்டு மறுபடி ஒரு திருப்பு. "ரொம்ப காத்து விடறீங்க நீங்க, வெறும் நுரையாப் போயிருது" என்று எனக்கே சொல்லிக் கொடுக்கிறாள். உண்மைதான். அவள் வைத்த பதத்தில் ஜெட் எழுந்து நின்ற அழகை நான் இதுவரை பார்த்ததில்லை. இந்தக் காது கம்பெனிக்கு வந்திருந்தால் என்னை என்றைக்கோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

டிசம்பர் 25, வியாழன்

எஸ்தர் கேக் கொண்டுவந்தார். காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி நரம்பை வளக்காது சார். தசை இளகி இருக்கும், அவங்களுக்கும் நிம்மதி. மத்தது அது வர்றப்ப வரும்" என்றார். கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. கேக் நன்றாக இருந்தது, உண்மையாகவே.

ஜனவரி 1, வியாழன்

புத்தாண்டுக்கு வாணி ஒரு சட்டம் போட்டாள். "ஒரு மாசமா வெளிய நின்னு திருகீட்டே இருக்கறீங்க. உள்ள வந்து உக்காருங்க."

வெட்டவெளியில், பகல் பதினொரு மணிக்கு, ஐம்பத்தொன்பது வயதில், பெண்டாட்டியோடு தொட்டியில். எதிர்மாடியில் வடகம் காயப்போட வந்த அம்மா ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, வடகத்தைக் காக்கைக்கு விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வாணி கைப்பிடியைத் திருப்பி ஆறு ஜெட்டையும் என் முதுகில் விட்டாள். முப்பத்தொரு வருஷம் தண்ணீரைக் கேஜில் பார்த்திருக்கிறேன். அது முதுகில் வந்து இப்படிப் பேசும் என்று யாரும் சொன்னதில்லை. நான் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இடது: இல்லை. மறந்தே போய்விட்டேன், அவள்தான் எழுதச் சொல்லி நினைவுபடுத்தினாள்.

ஜனவரி 5, திங்கள்

வாணி சரளாவுக்கு ஃபோன் செய்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசினாள்.

"சரளா, அன்னைக்கு அண்ணன் சொன்னது தப்பு. எனக்குக் காலு வரல. ஸ்கூலை நீயே எடுத்துக்க. சனிக்கிழமை சாயந்திரம் பத்திரத்தை எடுத்துட்டு வா."

வைத்த பிறகு நான் மெதுவாக, கிளட்ச் இல்லாத வண்டி இருக்கிறதே, அதிலேயே சொல்லிக் கொடுக்கலாமே என்றேன்.

"நான் ஓட்டறதுக்கு அது போதுமுங்க. சொல்லிக் குடுக்கறதுக்குப் பத்தாது" என்றாள். "கிளட்ச்சு புடிக்கற எடம்னு ஒண்ணு இருக்குது. வண்டி லேசா ஒரு நடுக்கம் குடுக்கும், பாதத்துல. கத்துக்கறவ காலுல வர்றதுக்கு முந்தி என்ற காலுல வரணும். அப்பத்தான் இப்ப விடு, இப்ப விடுன்னு சொல்ல முடியும். வாயில சொல்லிக் குடுக்கற வித்தை இல்லீங்க அது."

அழவில்லை. பருப்பு வேகவைக்கப் போய்விட்டாள். நான்தான் மோட்டாரைப் பார்க்கிற சாக்கில் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். மூஞ்சியைத் தூக்கக் கூடாது என்றுதான் ஒப்பந்தம். அழக் கூடாது என்று இல்லை.

ஜனவரி 10, சனி

எழுத்துக் கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

இன்று எங்கள் பக்கம் பராமரிப்புக்காக ஒன்பது மணியிலிருந்து கரண்ட் இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். விடியற்காலையிலேயே தண்ணீரைச் சூடு பண்ணி வைத்துவிட்டேன். எட்டேகாலுக்கு வாணி இறங்கினாள். கால் ஜெட், காற்று கால்வாசி. இடது: இல்லை. கட்டத்தில் எழுதிவிட்டேன். ஒன்பது அடித்ததும் மோட்டார் நின்றது. நுரை அடங்கியது.

"ஏறிடலாமா?" என்றேன்.

"சுடுதண்ணி வீணாப் போகுமுங்க. கொஞ்ச நேரம் இருக்கறேன்" என்றாள்.

நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் பிரித்தேன். சாயந்திரம் சரளா வரும்போது என்ன பலகாரம் செய்வது என்று பேசிக்கொண்டிருந்தோம். பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற நாளில் இனிப்பா, காரமா என்று ஒரு வாக்குவாதம். அவள் போண்டா என்றாள். போண்டாவுக்கு உருளைக்கிழங்கு இல்லை என்றேன். அப்புறம் வெங்காய பஜ்ஜி போடலாம் என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஏனுங்க, உள்ள என்னத்தையோ போட்டுட்டீங்களாட்ட இருக்குது. கொஞ்சம் எடுங்க."

"நான் ஒண்ணும் போடலியே."

"கால்ல அமுக்குது. வட்டமா என்னமோ. பெருவிரலுக்குக் கீழ."

எழுந்து போய் சட்டைக் கையைக்கூட மடிக்காமல் தோள்வரைக்கும் கையை விட்டேன். வலது பாதத்தைத் துழாவினேன். ஒன்றும் இல்லை.

"அங்க இல்லீங்க" என்றாள் எரிச்சலாக. "இந்தக் கால்ல."

அவளும் கேட்டாள் தான் சொன்னதை. கொய்யா மரத்தில் அணில் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது.

இடது பாதத்தின் அடியில் விரலை நுழைத்தேன். பெருவிரலுக்குக் கீழே, சதையான இடத்தில், ஒரு ரப்பர் வாஷர். நேற்று யூனியனைக் கழற்றிப் புது வாஷர் போட்டபோது பழையது என் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. மோட்டார் இல்லை, காற்று இல்லை, ஜெட் இல்லை, நோட்டோடு எதிரில் நான் நிற்கவும் இல்லை. நான் கேட்கவே இல்லை.

"வாணி. இது இடது காலு."

"தெரியுதுங்க" என்றாள். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து கொட்டுகிறது, துடைக்கவில்லை. பிறகு ஒரு நீள மூச்சு விட்டு, பத்தொன்பது வருஷமாக ஊர்ப் பெண்களை மிரட்டிய அந்தக் குரலை எங்கிருந்தோ எடுத்தாள்.

"முப்பது வருசம் பம்ப்பு வேலை பாத்த ஆளுக்கு ஒரு வாஷரைப் பத்திரமா வெக்கத் தெரியல. மொதல்ல எடுங்க அதை, குத்துது."

"எடுக்கறேன் வாணி" என்றேன். என் விரல் அந்த வாஷர்மேலேதான் இருந்தது. "இன்னும் ஒரே ஒரு நிமிசம் குத்தட்டும்."